அம்பாசடர் தரைத் தகடு மாற்றப் போகிறீர்களா? முதலில் டேங்கைக் கழற்றுங்கள்

கேள்வி: 1984 அம்பாசடர் மார்க் 4 காரை வீட்டு ஷெட்டில் வைத்துப் புதுப்பிக்கிறேன். டிரைவர் காலடித் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் இடது பக்கப் பாக்ஸும் துருவில் போய்விட்டன. 200 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் இருக்கிறது. கேட், கிரில் வேலை செய்து பழக்கம். வீட்டில் மீந்த ஜி.ஐ. ஷீட்டை வெட்டி ஒட்டுப் போடலாமா? பெட்ரோல் டேங்கில் ஊசி முனை அளவு ஓட்டை இருக்கிறது. தண்ணீர் நிரப்பி வெல்டு வைத்துவிடலாம் என்கிறார்கள். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: டேங்கில் வெல்டு வைக்க வேண்டாம். தண்ணீர் நிரப்பினாலும், சோப்புப் போட்டு நாலு முறை கழுவினாலும் வேண்டாம்.

காரணத்தைக் கணக்காகவே பாருங்கள். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். 40 லிட்டர் டேங்க் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கீழ் அளவை எட்ட 3 மில்லி பெட்ரோல் ஆவியானால் போதும். ஒரு டீஸ்பூன்கூட வேண்டியதில்லை. நாற்பது வருடப் பழைய டேங்கில் அதைவிட அதிகமாகத் துருச் செதில்களுக்குள்ளும் மடிப்புத் தையலுக்குள்ளும் ஊறிக் கிடக்கும். கழுவிய உடனே வாடை வராது. தகடு சூடேறும்போது ஊறியது வெளியே வரும், அதே நேரத்தில் ஆர்க்கும் (வெல்டிங்கின் மின்சுடர்) அங்கே இருக்கும். தண்ணீர் நிரப்பினால் காற்றிடம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் வெல்டு வைக்கும் இடத்தில் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால் வெல்டு பிடிக்காது. அதற்காக மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினால், இறக்கிய அந்த இடத்தில்தான் ஆவி சேரும். ஊசி ஓட்டைக்கு, டேங்கின் உட்புறத்தைச் சுத்தம் செய்து டேங்க் சீலர் (உள்ளே படிந்து ஓட்டையை அடைக்கும் பூச்சு) ஊற்றலாம். தகடே மெலிந்திருந்தால் புது டேங்க் செய்வதுதான் வழி.

தரை வேலை தொடங்கும் முன்பே டேங்கைக் கழற்றிவிடுங்கள். அம்பாசடரில் அது பின்னால், டிக்கிப் பக்கம் இருந்தாலும், அங்கிருந்து இன்ஜினுக்கு வரும் பெட்ரோல் பைப் தரைக்கு அடியில்தான் ஓடுகிறது. அதையும் கழற்றுங்கள், மீதி முனைகளை அடையுங்கள். கழற்றிய டேங்கை ஷெட் மூலையில் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து வரும். குறைந்தது 35 அடி தள்ளி, வெளியே வையுங்கள். தீப்பொறி தெறித்து ஓடும் தூரத்துக்கும் அதே 35 அடிதான் கணக்கு. பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், எனவே அதையும் வண்டியிலிருந்து இறக்குங்கள். டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் வயரையும் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது ஜி.ஐ. ஷீட். அதில் இருப்பது துத்தநாகப் பூச்சு. ஆர்க்கில் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும், தகட்டைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போலப் படியும். மூச்சில் போனால் நாலு முதல் பத்து மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், குளிர்நடுக்கம், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை. ஓரிரு நாளில் இறங்கிவிடும் என்பதால் பலர் சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வெல்டிலும் ஊதல் ஓட்டைகள் விழும். 18 கேஜ் சி.ஆர். ஷீட் (துத்தநாகப் பூச்சு இல்லாத தகடு) வாங்குங்கள், 1.2 மி.மீ. கனம். விலை வித்தியாசம் இந்த வேலைக்குப் பொருட்டே இல்லை.

பழைய தகட்டிலும் வெல்டு வரும் இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு, இரண்டு பக்கமும், பெயின்ட், பட்டி, அடியில் பூசிய தார் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். மறுபக்கம் கை போகாது என்று விட்டுவிடும் தார்தான் பிறகு புகைந்து எரியும். கிரீஸைத் துடைக்க பிரேக் கிளீனர் ஸ்பிரே அடிக்காதீர்கள். அதில் குளோரின் கலந்த கரைப்பான் இருந்தால், ஆர்க்கின் சூட்டிலும் புற ஊதா ஒளியிலும் ஃபாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு; நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தே தெரியவரும். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகே ஆர்க். மஞ்சள் பளபளப்புள்ள பழைய போல்ட், பிராக்கெட்டுகளில் காட்மியம் பூச்சு இருக்கலாம். அதன் புகை துத்தநாகத்தைப் போல ஓரிரு நாளில் விட்டுப் போகாது, உயிரையே எடுக்கும். அவற்றைச் சூடாக்காமல் வெட்டி எறியுங்கள். தரமான என்95 முகக்கவசம் உலோகப் புகையின் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கைக்குட்டை எதையுமே தடுக்காது.

பாக்ஸ் விஷயத்தில் அவசரம் கூடாது. அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. அந்தப் பாக்ஸ்தான் வண்டியின் முதுகெலும்பு. அதை அறுக்கும் முன் கதவு வாசலின் குறுக்கே ஒரு அங்குலச் சதுரக் குழாயை டேக் (சிறு புள்ளி வெல்டு) வைத்துக் கட்டுங்கள், கதவு சரியாக மூடும் நிலையில். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அறுங்கள். வண்டி, அடியில் முட்டுக் கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டுகள் மேல் நிற்க வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கியையோ செங்கல்லையோ நம்பி அடியில் படுக்காதீர்கள்.

கரன்ட் பக்கம். மெஷின் ஆன் செய்து ஆர்க் இல்லாமல் நிற்கும்போது வெல்டிங் ராடு முனையில் 60 முதல் 80 வோல்ட் இருக்கும். கேட் வேலையில் நின்றுகொண்டு செய்கிறீர்கள், அதனால் தெரிவதில்லை. இங்கே வியர்வையில் நனைந்த சட்டையோடு, ஈரத் தரையில், முதுகு முழுக்கப் படுத்திருப்பீர்கள். காய்ந்த பிளைவுட் பலகை மேல் படுங்கள், காய்ந்த தோல் கையுறையோடு மட்டும் ராடு மாற்றுங்கள். வீட்டில் 30 மில்லிஆம்ப் டிரிப் ஸ்விட்ச் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது பிளக் பக்கக் கசிவைத்தான் பிடிக்கும், ராடைப் பிடிக்கும் ஹோல்டர் பக்கத்தை அது பார்ப்பதே இல்லை. எர்த் கிளாம்பை, வெல்டு வைக்கும் அதே தகட்டில், ஒரு அடிக்குள், துரு நீக்கிய இடத்தில் கடியுங்கள். வீலில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகத் திரும்பி வரும், பேரிங் உருளைகளில் குழி விழும்.

மெல்லிய தகட்டுக்கு 2 மி.மீ. 6013 ராடு, 40 முதல் 55 ஆம்ப், ஹோல்டர் மைனஸில். கேட் வேலைக்கு வைத்திருக்கும் 12 கேஜ் ராடு, அதாவது 2.5 மி.மீ., இங்கே ஓட்டை போட்டுவிடும். புதுத் தகட்டைப் பழையதோடு முனைக்கு முனை வைக்காமல் அரை அங்குலம் மேலேற்றி வையுங்கள். ஓர் அங்குலத்துக்கு ஒரு டேக், எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி. பிறகு ஒரு சென்டிமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஆறவிட்டு, வேறு இடத்துக்குப் போங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் தகடு அப்பளம் போலப் பொங்கிவிடும். கிரைண்டர் வீலை மூடியிருக்கும் காப்பைக் கழற்றாதீர்கள். கட்டிங் வீலின் பக்கவாட்டில் தேய்க்காதீர்கள். இரண்டு தகட்டின் இடுக்கில் வீல் சிக்கும்போதுதான் அது உடைந்து முகத்துக்கு வரும்.

இந்த ஆம்புக்கு 9 அல்லது 10ஆம் எண் கறுப்புக் கண்ணாடி. கசடு தட்டும்போது வெள்ளைக் கண்ணாடி. பருத்திச் சட்டை, தோல் ஷூ. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். கண்ணில் ஆர்க் பட்டிருந்தால் ஆறேழு மணி நேரம் கழித்து மணல் கொட்டியதுபோல உறுத்தும். தாய்ப்பாலோ உருளைக்கிழங்கோ வைக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

ஸ்டீயரிங் ஆர்ம், டை ராடு, லீஃப் ஸ்பிரிங், பிரேக் பெடல், ஷாக் அப்சார்பர், டயரோடு இருக்கும் ரிம்: இவற்றில் உங்கள் ராடு படவே கூடாது.

தீ வேலை முடிந்த பிறகும் பிடிக்கலாம். சீட், கார்பெட், அதன் அடியில் இருக்கும் சணல் விரிப்பு எல்லாம் வெளியே போயிருக்க வேண்டும். அப்படியும் வடிகால் ஓட்டை வழியாகப் பாக்ஸுக்குள் விழுந்த ஒரு பொறி, எலி சேர்த்த பஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். நீங்கள் அடியில் இருக்கும்போது வண்டிக்குள் இன்னொருவர் தண்ணீர் ஸ்பிரேயரோடு நிற்கட்டும். எட்டும் தூரத்தில் 4 கிலோ ஏ.பி.சி. பவுடர் அணைப்பான் இருக்கட்டும். கடைசி டேக் வைத்த பிறகு ஒரு மணி நேரம் ஷெட்டைப் பூட்டாதீர்கள். கிளம்பும் முன் பாக்ஸின் நீளம் முழுக்கப் புறங்கையை ஓட்டிப் பாருங்கள். வெல்டு வைக்காத இடத்தில் சூடு தெரிந்தால், உள்ளே ஏதோ எரிகிறது. வடிகால் ஓட்டை வழியாகத் தண்ணீர் அடியுங்கள்.