பெருக்கல், வகுத்தலுக்குப் பழைய முறையா, இப்போது பள்ளியில் சொல்லித்தரும் முறையா? வீட்டில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

நான்காம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளுக்குப் பள்ளியில் பெருக்கலைக் கட்டம் போட்டும், வகுத்தலைத் துண்டு துண்டாகக் கழித்தும் செய்யச் சொல்கிறார்கள். வீட்டில் நீங்கள் படித்த முறையைச் சொல்லிக்கொடுத்தால் குழம்பிப்போகிறாள். எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பெற்றோர் கூட்டத்தில் அடிக்கடி எழும் கேள்வி இது. இரண்டும் ஒரே கணக்குதான். கட்டத்தில் விரித்து எழுதுவதைத்தான் நாம் இரண்டு வரியில் சுருக்கி எழுதிப் பழகிவிட்டோம். விரிவு கைக்கு வந்த பிறகு சுருக்கத்துக்குப் போகட்டும்.

24 × 13 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். 24-ஐ 20, 4 என்றும் 13-ஐ 10, 3 என்றும் பிரித்து நான்கு கட்டம் போடுகிறாள். 200, 40, 60, 12. கூட்டினால் 312. நம் முறையில் முதல் வரி 72, அடுத்த வரி 240. கட்டத்தில் இருக்கும் 60-உம் 12-உம் சேர்ந்ததுதான் அந்த 72. 200-உம் 40-உம் சேர்ந்தது 240. அவள் போட்ட கட்டத்துக்குப் பக்கத்திலேயே நம் முறையையும் எழுதி, எந்த எண் எங்கே போயிற்று என்று கோடு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். குழப்பம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். இரண்டாவது வரியில் ஒன்றின் இடத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டுத் தொடங்கு என்றுதான் நம்மில் பலருக்குச் சொல்லித் தந்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து அங்கே 0 போடச் சொல்லுங்கள். 13-இல் இருக்கும் 1 என்பது பத்து. இருபத்து நாலை ஒன்றால் அல்ல, பத்தால் பெருக்குகிறோம், அதனால்தான் 240. குறி போட்டுப் பழகிய குழந்தை ஒருநாள் குறியை மறந்தால் 72-உடன் 24-ஐக் கூட்டி 96 என்று எழுதிவிடும்; அதில் தவறு இருப்பதாகவே அதற்குத் தோன்றாது. இருபதைப் பத்தால் பெருக்கினாலே 200 என்று தெரிந்த குழந்தை 96-ஐப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காரும்.

வாய்ப்பாடு மனப்பாடமே வேண்டாம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஈரெட்டுப் பதினாறு, மூவெட்டு இருபத்து நாலு என்று ராகத்தோடு சொல்வது குழந்தைகளுக்குப் பிடிக்கும், மனதிலும் நிற்கும். ஆனால் ஒன்றிலிருந்து வரிசையாக ஒப்பிக்க மட்டும் தெரிந்தால் போதாது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரெட்டிலிருந்து ஓடிவரும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஐயெட்டு நாற்பது, ஈரெட்டுப் பதினாறு, இரண்டையும் சேர்த்தால் ஐம்பத்தாறு என்று காட்டுங்கள். மேலே கட்டத்தில் செய்ததும் இதே பிரிப்புதான்.

முப்பது முட்டை அடுக்கும் அட்டை கிடைத்தால் அதையும் கையில் கொடுங்கள். ஒருபக்கமாகப் பார்த்தால் ஐந்து வரிசையில் ஆறு ஆறு குழி, திருப்பினால் ஆறு வரிசையில் ஐந்து ஐந்து. 5 × 6-உம் 6 × 5-உம் ஒன்றே என்பதை அவளே சொல்லிவிடுவாள். இது புரிந்தால் பத்தாம் வாய்ப்பாடு வரைக்கும் இருக்கும் 100 பெருக்கலில் 55 மட்டும் தெரிந்தால் போதும். அதிலும் 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் எளிதில் வந்துவிடும். அவற்றைக் கழித்தால் மீதி 21. அந்த 21-இல் 6 × 7, 6 × 8, 7 × 8 மூன்றுக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள்.

வகுத்தலுக்கு வருகிறேன். அதற்குத்தான் நிறையப் பொறுமை வேண்டும். 12 முறுக்கை 3 பேருக்குச் சமமாகப் பங்கிடுவதும் வகுத்தல், 12 முறுக்கை மூன்று மூன்றாகப் பொட்டலம் கட்டுவதும் வகுத்தல். இரண்டுக்கும் விடை 4. முதலில் வருவது நாலு முறுக்கு, அடுத்ததில் வருவது நாலு பொட்டலம். வீட்டில் நாம் பங்கிடுவதை மட்டுமே சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். பின்னால் 6-ஐ அரையால் வகு என்று பாடம் வரும்போது அரை ஆளுக்கு எப்படிப் பங்கிடுவது? ஆறில் எத்தனை அரை இருக்கிறது என்று கேட்டால் 12 என்று உடனே வந்துவிடும்.

பள்ளியில் சொல்லும் கழித்தல் முறை இந்தப் பொட்டலக் கணக்குதான். 156 ÷ 12 என்றால் பத்துப் பன்னிரண்டு 120-ஐ எடுத்துவிடு, மீதி 36, அதில் மூன்று பன்னிரண்டு, ஆக 13. ஒரு பிள்ளை 60, 60, 36 என்று மூன்று தடவையாக எடுக்கும். எடுக்கட்டும், அதுவும் சரிதான். வாய்ப்பாடு பழகப் பழகத் தானே பெரிய துண்டாக எடுக்கத் தொடங்கும்.

நீள்வகுத்தலில் நான் அதிகம் பார்க்கும் பிழை ஈவில் வரும் பூஜ்யம். 612 ÷ 3 போடச் சொன்னால் பாதி வகுப்பு 24 என்று எழுதும். "எப்படிப் போட்டே கண்ணு?" என்றால், "ஆறுல ரெண்டு தடவை போகும் டீச்சர். ஒண்ணுல மூணு போகாது. ரெண்டைக் கீழ இறக்கினேன், பன்னெண்டு. நாலு தடவை" என்று தெளிவாகச் சொல்லும். நாம் சொல்லிக்கொடுத்த 'போகும், போகாது, இறக்கு' என்ற மந்திரத்தை அது அப்படியே செய்திருக்கிறது. அந்த மந்திரத்தில் ஆறு என்பது அறுநூறு என்பதற்கு இடமே இல்லை.

இதற்கு விளையாட்டு நோட்டுதான் மருந்து. ஆறு நூறு ரூபாய், ஒரு பத்து ரூபாய், இரண்டு ஒரு ரூபாய் நாணயம் வைத்து மூன்று பேருக்குப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு நூறு. பத்து ரூபாய் ஒன்றே ஒன்று, மூன்று பேருக்கு அதை அப்படியே கொடுக்க முடியாது, ஆகவே பத்தின் இடத்தில் 0. அதைச் சில்லறை மாற்றினால் பத்து, இருக்கிற இரண்டோடு பன்னிரண்டு, ஆளுக்கு நாலு. 204. நாம் படித்தபோது ஈவை வலப்பக்கம் அடைப்புக்குள் எழுதினோம். இப்போது வகுபடும் எண்ணுக்கு மேலே எழுதச் சொல்கிறார்கள். இதைப் பார்த்துப் பலர் கோபப்படுகிறார்கள், ஆனால் இது நல்ல மாற்றம். நூறுக்கு மேல் நூறு, பத்துக்கு மேல் பத்து என்று எழுதும்போது நடுவில் காலியாக இருக்கும் இடம் கண்ணில் படும்.

எந்த முறையானாலும் பென்சிலை எடுக்கும் முன் "சுமாரா எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். அறுநூறை மூன்றாகப் பிரித்தால் இருநூறு என்று முதலிலேயே சொன்ன பிள்ளை 24-ஐ ஒப்புக்கொள்ளாது.

கடைசியாக மீதி. 50 பேர் சுற்றுலா போகிறார்கள், ஒரு வேனில் 12 பேர், எத்தனை வேன் வேண்டும் என்றால் 'ஈவு 4, மீதி 2' என்று எழுதிவிட்டு நோட்டை மூடுவார்கள். அந்த இரண்டு பேர் எதில் வருவார்கள் என்று கேளுங்கள், ஐந்து வேன் என்பாள். அடுத்து, 50 ரூபாய்க்கு 12 ரூபாய் பேனா எத்தனை வாங்கலாம் என்று கேளுங்கள். வகுத்தல் அதேதான், இங்கே விடை 4. இந்த இரண்டு கேள்வியையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அவள் எங்கே நின்று யோசிக்கிறாள் என்பதைக் கவனித்து வகுப்பு ஆசிரியரிடம் சொன்னால் அவருக்கும் உதவியாக இருக்கும்.