கையா, கீபோர்டா? நோட்ஸ் எடுப்பது பற்றி வாசகர் கேள்விகள்

சி.ஏ. இன்டர்மீடியட் படிக்கிறேன். கம்பெனிச் சட்டத்துக்கு மட்டும் லேப்டாப்பில் 140 பக்கம் டைப் செய்து வைத்திருக்கிறேன். திறந்து படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கிறது. மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. எல்லாவற்றையும் மறுபடி கையில் எழுதட்டுமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

140 பக்கத்தையும் கையில் எழுதினால் கை வலிதான் மிஞ்சும். மெட்டீரியலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து அடித்ததில்தான் கோளாறு. பேனாவால் பார்த்து எழுதியிருந்தாலும் இதே கதிதான்.

கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சமூகப் பொறுப்புச் செலவு, அதாவது சி.எஸ்.ஆர். பார்த்து அடித்தால் அரைப் பக்கம் வரும். இரண்டு முறை படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு தாளில் எழுதுங்கள். இப்படி வர வேண்டும்: "135: நிகர மதிப்பு 500 கோடி / விற்றுமுதல் 1,000 கோடி / நிகர லாபம் 5 கோடி. ஏதேனும் ஒன்று போதும். முந்தைய நிதியாண்டுக் கணக்கு. செலவு: கடந்த 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2%." எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். தொகைகள் பெரும்பாலும் சரியாக இருக்கும். "ஏதேனும் ஒன்று", "முந்தைய நிதியாண்டு" என்ற இரண்டும்தான் விட்டுப்போகும். கேள்வி எடுப்பவர் கண்ணி வைக்கிற இடமும் அதுதான். விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுபடி பார்க்கும்போது கண் முதலில் அங்கே போகும்.

ஏ4 தாளில் இடது ஓரம் இரண்டரை அங்குலம் விட்டுக் கோடு போடுங்கள். வலப்பக்கம் சுருக்கம், இடப்பக்கம் கேள்வி. "135 என்றால் என்ன?" என்று கேள்வி எழுதாதீர்கள். "நிகர மதிப்பு 400 கோடி, விற்றுமுதல் 900 கோடி, லாபம் 6 கோடி. பொருந்துமா?" என்று எழுதுங்கள். (பொருந்தும். லாபம் ஒன்றே போதும்.) மறுநாள் வலப்பக்கத்தை மறைத்துவிட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். பிறகு ஒரு வாரம் கழித்து. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் பரப்பிய முறை இது. அவர் தாளின் அடியில் இரண்டு அங்குலம் சுருக்கத்துக்கும் ஒதுக்கச் சொன்னார். சட்டப் பாடத்துக்கு அந்த இடத்தைத் திருத்தங்களுக்கு வைத்துக்கொள்வது மேல்.

இனி எழுதும் வேகம். உங்கள் தேர்வில் 100 மதிப்பெண்ணில் 30 கொள்குறி வகை, 70 விரிவான விடை, நேரம் 3 மணி. கொள்குறிக்கு 50 நிமிடம் போனால் மீதி 130 நிமிடம். 5 மதிப்பெண் விடைக்கு 9 நிமிடம்தான் வரும். நிமிடத்துக்கு 20 சொல் எழுதுகிற கைக்கு, யோசிக்கும் நேரம் போக, 120 சொல் எழுதினாலே பெரிது. லேப்டாப்பிலேயே பழகிய கை முதல் ஒரு மணி நேரத்தில் சோர்ந்துவிடும். அதனால் வாரம் ஒரு தாளாவது முழு 3 மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பழகுங்கள்.

டைப் செய்த கோப்பை அழிக்க வேண்டாம். தேடி எடுக்க உதவும்.

ஓசூரில் ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிக்கிள்ஷிப் (சி.ஏ. படிப்புக்கான வேலைப் பயிற்சி) செய்கிறேன். வரிப் பாடத்தைக் கையில் எழுதி முடித்தால் சட்டத்தை மாற்றிவிடுகிறார்கள்!
– வாசகர், ஓசூர்

வரிப் பாடத்துக்கு இரண்டும் வேண்டும். எதை எதில் வைப்பது என்பதில்தான் சூட்சுமம்.

1961-ன் வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ன் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். மொத்தம் 536 பிரிவுகள். சேமிப்பு, காப்பீட்டுக்கான வரிக் கழிவு தரும் பழைய 80சி இப்போது 123. சம்பளம் தவிர்த்த டி.டி.எஸ். (பணம் தரும்போதே வரி பிடிப்பது) பெரும்பாலும் 393 என்ற ஒரே பிரிவுக்குள். "முந்தைய ஆண்டு", "மதிப்பீட்டு ஆண்டு" இரண்டும் போய் "வரி ஆண்டு" வந்துவிட்டது. ஜி.எஸ்.டி.யிலும் 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீதத்தில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18-க்கு நகர்ந்துவிட்டன. இதையெல்லாம் மையில் எழுதி வைத்திருந்தால் பக்கம் பக்கமாக அடித்துத் திருத்த வேண்டும். எந்த இடத்தில் திருத்த மறந்தீர்கள் என்பது தேர்வு அறையில்தான் தெரியும்.

ஆகவே பிரிவு எண், விகிதம், வரம்பு, கெடு தேதி நான்கையும் எக்செல் அட்டவணையில் போடுங்கள். பழைய பிரிவு, புதிய பிரிவு, தொகை அல்லது விகிதம், அமலான தேதி என்று நான்கு பத்தி போதும். தலைப்பில் அச்செடுத்த தேதி இருக்கட்டும். புதிய பிரதி வந்ததும் பழையதைக் கிழித்துவிடுங்கள். இரண்டும் ஒரே ஃபைலில் இருக்கவே கூடாது. மூலதன ஆதாயக் கணக்கு, உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய ஜி.எஸ்.டி.யை) ஈடுகட்டும் வரிசை போன்ற படிமுறைகளைக் கையில் எழுதுங்கள். அதில் பிரிவு எண் வரும் இடத்தில் மட்டும் பென்சில். உங்கள் தேர்வுக்கு எந்தச் சட்டம் என்பதை சி.ஏ. தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. அமைப்பின் அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆபீஸ் சீனியர் சொன்னார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

கையில் எழுதினால்தான் மனதில் நிற்கும் என்பது நிரூபணமான விஷயமா?
– வாசகர், பாலக்கோடு

பலரும் மேற்கோள் காட்டுவது 2014-ல் முல்லர், ஓப்பன்ஹைமர் வெளியிட்ட ஆய்வை. லேப்டாப்பில் குறிப்பெடுத்தவர்கள் பேச்சை அப்படியே அதிகமாக அடித்தார்கள், கருத்து சார்ந்த கேள்விகளில் பின்தங்கினார்கள் என்றது அது. 2021-ல் வேறு குழு அதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது அப்படியே அடிக்கும் பழக்கம் தெரிந்தது, மதிப்பெண்ணில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. எனவே பேனாவுக்கென்று தனி மந்திரம் இருப்பதாக அடித்துச் சொல்ல முடியாது. இதைவிட உறுதியானது ரோடிகர், கார்ப்பிக் 2006-ல் காட்டியது. படித்ததைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். முதல் கேள்வி கேட்ட வாசகிக்கு "தெரிந்த மாதிரி" இருந்தது இதனால்தான்.

வங்கியில் வேலை. தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு பஸ். வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு எழுதப் போகிறேன். பஸ்ஸில் எப்படி நோட்ஸ் எடுப்பது?
– வாசகர், கிருஷ்ணகிரி

பஸ்ஸில் எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்துகொண்டு, பஸ்ஸில் பதில் மட்டும் சொல்லுங்கள். ஒரு தாளுக்கு 100 கேள்வி, 2 மணி நேரம், எல்லாம் கொள்குறி, கம்ப்யூட்டரில். இதற்கு நீண்ட கையெழுத்து நோட்ஸ் வீண் வேலை. ஃபோனில் கேள்வி அட்டையாக டைப் செய்யுங்கள். ஓர் அட்டைக்கு ஒரே பதில். "வாராக்கடன் பற்றிக் கூறுக" என்ற அட்டை உதவாது. "தவணைக் கடன் எத்தனை நாளுக்கு மேல் நிலுவையானால் வாராக்கடன்?" (90), "டெபாசிட் காப்பீட்டு வரம்பு?" (5 லட்சம்) என்று இருக்க வேண்டும். கணக்கியல் தாளுக்கு மட்டும் நோட்டும் பேனாவும்தான். கணக்கைக் கண்ணால் படித்தால் புரியும், போட வராது.

மகள் பேங்க் பி.ஓ. தேர்வுக்குப் படிக்கிறாள். டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்க்கலாமா?
– வாசகி, அரூர்

தாராளமாகச் சேர்க்கலாம். முதன்மைத் தேர்வில் விரிவான விடைப் பகுதி 30 நிமிடம், ஆங்கிலத்தில், கீபோர்டில்தான். டைப்ரைட்டிங் ஜூனியர் தேர்வின் வேகம் நிமிடத்துக்கு 30 சொல். அந்த வேகம் இருந்தால் 250 சொல் கட்டுரையை அடிக்க 9 நிமிடம் போதும், மீதி யோசிக்க. வீட்டுப் பயிற்சியில் தானாகப் பிழை திருத்தும் வசதியை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

குரூப் 1 முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதப் போகிறேன். அரை மணி நேரம் எழுதினாலே கட்டைவிரல் வலிக்கிறது. டேப்லெட்டில் ஸ்டைலஸ் வைத்துப் பழகலாமா?
– வாசகர், பென்னாகரம்

டேப்லெட் வேண்டாம். கண்ணாடியில் பேனா வழுக்கும், பெரிதாக்கி எழுதிப் பழகினால் தாளில் எழுத்தின் அளவு கெடும். பொது அறிவுத் தாள் ஒவ்வொன்றும் 250 மதிப்பெண், 3 மணி நேரம். 15 மதிப்பெண் விடைக்கு 11 நிமிடம்கூட முழுதாக இல்லை. தாளில்தான் பழக வேண்டும்.

வலிக்குக் காரணம் பெரும்பாலும் அழுத்தம். எழுதிய தாளைத் திருப்பித் தடவுங்கள். பின்பக்கம் எழுத்து மேடாகத் தட்டுப்பட்டால் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள். தாளுக்கு அடியில் நாலைந்து தாள் வையுங்கள். பிடிப்பு தடித்த, மை தடையில்லாமல் வரும் பேனாவுக்கு மாறுங்கள். பேனா நுனியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து, முழங்கையை மேசை மேல் வையுங்கள். முதல் வாரம் 20 நிமிடம், பிறகு வாரத்துக்கு 20 நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டு மாதத்துக்குள் 3 மணி நேரம் தாங்கும். எழுதாதபோதும் வலியோ மரத்துப்போவதோ இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.