மாத அறிக்கையில் எழுத முடியாததை யாரிடம் சொல்வது?

கிழக்கிலங்கையில் உளவளத்துணை (கவுன்சிலிங்) வேலையில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலதை இம்முறை சேர்த்தெடுத்திருக்கிறேன். எல்லாமே வேலைத்தலத்துக்கு வெளியே மேற்பார்வை பெறுவதைப் பற்றியவை. பேச்சில் நாம் சுப்பர்விஷன் என்கிறோமே, அதுதான். கேட்டவர்களின் ஊர்களை மாற்றிப் போட்டிருக்கிறேன். காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது.

பிரதேச செயலகத்தில் வேலை. மாதாமாதம் அறிக்கை கொடுக்கிறேன். மேலதிகாரி பார்த்துக் கையெழுத்து வைக்கிறார், சந்தேகம் இருந்தால் கூப்பிட்டுக் கேட்கிறார். இதற்கு மேல் வெளியிலும் ஒருவரைத் தேட வேண்டுமா? (வாழைச்சேனை)

தேடத்தான் வேண்டும். உங்கள் மேலதிகாரி பார்ப்பது எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வீட்டுத் தரிசிப்பு, யாரை எங்கே அனுப்பினீர்கள் என்பதை. அது நிர்வாகம். அவர் அதைச் சரியாகவே செய்கிறார் போலிருக்கிறது. ஆனால் ஒரு தாய் அழத் தொடங்கியதும் நீங்கள் ஏன் அவசரமாகக் கதையைத் திருப்பினீர்கள்? ஒரு குறிப்பிட்ட ஆள் வருகிற நாளில் மட்டும் ஏன் தலையிடிக்கிறது? உங்கள் மதிப்பீட்டையும் இடமாற்றத்தையும் கையில் வைத்திருப்பவருக்கு முன்னால் இருந்து இதையெல்லாம் சொல்வீர்களா? மாட்டீர்கள். நானும் மாட்டேன்.

பிரிட்டனைச் சேர்ந்த பிரிஜிட் ப்ரொக்டர் 1980களில் மேற்பார்வைக்கு மூன்று வேலைகளை வகுத்தார். வேலை ஒழுங்காகவும் அறநெறிக்குள்ளும் நடக்கிறதா என்று பார்ப்பது, திறமையை வளர்ப்பது, வேலை செய்பவரைத் தாங்கிப் பிடிப்பது. நமது அலுவலகங்களில் முதலாவதில் ஒரு துண்டு நடக்கிறது. பட்டறைக்கு அனுப்பினால் இரண்டாவதில் கொஞ்சம் கிடைக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பட்டறைக்குப் பஞ்சமே இருக்கவில்லை. சான்றிதழ்களை அடுக்கினால் ஒரு ஃபைல் நிறையும். மூன்றாவது வேலையைச் செய்யத்தான் ஆளில்லை. அதற்குத்தான் வெளியாள்.

ஆளைத் தெரிவு செய்யும்போது ஒரு கேள்வி போதும்: என் சம்பளம், பதவி, இடமாற்றம், எங்கள் வீட்டுக் கலியாணம் இந்த நாலில் எதிலாவது இவருக்குக் கை இருக்கிறதா? இருந்தால் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.

எங்கள் பக்கம் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். பெயரைச் சொல்லாமல் ஒரு கேஸைப் பேசினாலும் கேட்பவருக்கு யாரென்று பிடிபட்டுவிடுகிறது. இரகசியத்தைக் காப்பது எப்படி? (திருக்கோவில்)

இந்த மாவட்டங்களில் மேற்பார்வைக்கு இருக்கிற பெரிய சிக்கலே இதுதான். கொழும்பில் பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடும். இங்கே பெயர்தான் கடைசி. "மீன்வாடி வைத்திருக்கிறார், சுனாமியில் முதல் குடும்பம் போய்விட்டது, பிறகு கட்டிய மனுசி ஆசிரியை" என்று சொல்லிப் பாருங்கள். கல்லடியில் ஓட்டோ ஓட்டுகிற தம்பியும் ஆளைச் சொல்லிவிடுவார். அதோடு எந்தக் கோயில், எந்தத் தாய்வழிக் குடி என்றும் சேர்த்துவிட்டால் வீட்டு இலக்கமே கொடுத்த மாதிரி.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொழில், ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, மனைவியின் வேலை போன்றவற்றை மாற்றலாம். இழப்பு நடந்தபோது அவருக்கு இருந்த வயது, இறந்தவர் என்ன உறவு, பிரேதம் கிடைத்ததா இல்லையா என்பவற்றை மாற்றக்கூடாது. மாற்றினால் நீங்கள் பேசுவது வேறொரு ஆளைப் பற்றி, மேற்பார்வையாளர் சொல்லுகிற யோசனையும் அந்த வேறொரு ஆளுக்குத்தான் பொருந்தும். இந்த இடத்தில் பலர் தலைகீழாகச் செய்வதைக் கண்டிருக்கிறேன். ஊரைச் சரியாகச் சொல்லிவிட்டு உறவை மாற்றுவார்கள்.

முடிந்தால் மேற்பார்வையாளர் வேறு மாவட்டத்துக்காரராக இருக்கட்டும். பேச்சின் நடுவில் அவருக்கு ஆள் பிடிபட்டுவிட்டால் உடனே அதைச் சொல்லி நிறுத்த வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே பேசிக்கொள்ளுங்கள். துணைநாடிக்கும், அதாவது உங்களிடம் உளவளத்துணைக்கு வருபவருக்கும், இது தெரிந்திருக்க வேண்டும். "என் வேலையைப் பற்றி அனுபவமுள்ள ஒருவரோடு கதைப்பேன், உங்கள் பெயரோ அடையாளமோ வராது" என்று ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர் தயங்கினால், என்ன பயம் என்று கேளுங்கள். அநேகமாக ஒரு குறிப்பிட்ட ஆளின் காதுக்குப் போய்விடுமோ என்பதுதான் பயமாக இருக்கும்.

மேற்பார்வையாளர் தூரத்தில் இருக்கிறார், சூமில்தான் சந்திக்கிறோம். வீட்டில் உம்மா, ராத்தா, பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். முன்கூட்டியே குறிப்புகளை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். (காத்தான்குடி)

குறிப்புகளைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். அந்தப் படம் உங்கள் போனிலும் கிடக்கும், அவர் போனிலும் கிடக்கும், கேம் விளையாடப் போனைப் பறிக்கிற பிள்ளையின் கையிலும் கிடக்கும். ஒருவரின் சுகநலத் தகவலுக்கு விசேட பாதுகாப்பு வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. பேசப்போவதை உங்கள் கொப்பியில் வைத்துக்கொண்டு வாயால் சொல்லுங்கள். குரல் பதிவும் வேண்டாம்.

இடம்தான் கஷ்டம். இயர்போன் போட்டால் அவர் பேசுவது வெளியே கேட்காது, நீங்கள் பேசுவது கேட்கும். வேலை முடிந்தபின் அலுவலக அறையில் ஒரு மணித்தியாலம் இருக்க அனுமதி கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு நேரம், எத்தனை நாளைக்கு ஒருமுறை? காசு கொடுக்க வேண்டுமா? கேட்கவே வெட்கமாக இருக்கிறது. (அக்கரைப்பற்று)

பிரிட்டனில் பிஏசிபி என்ற உளவளத்துணைச் சங்கம் தனது அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு மாதம் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது என்கிறது. நமக்கு அது விதியில்லை. நல்ல அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். துணைநாடிகள் நிறையப் பேர் என்றால் கூட வேண்டும்.

காசு கொடுங்கள். பெரியவரிடம் காசு பேசக் கூச்சப்பட்டு, போகும்போது ஒரு தயிர்ச்சட்டியோடு முடித்துக்கொள்வது நம் வழக்கம். எருமைத் தயிரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உதவியாக நடக்கிற மேற்பார்வை, அவருக்கு வேலை வந்தால் தள்ளிப்போகும், உங்களுக்கும் "ஏன் வரவில்லை" என்று கேட்க முடியாது. தனியாகக் கட்டுப்படியாகாவிட்டால் மூன்று நாலு பேர் சேர்ந்து ஒருவரை அமர்த்துங்கள். 1950களில் லண்டனில் மைக்கல் பாலிண்ட் குடும்ப வைத்தியர்களை வட்டமாக இருத்தி, அவர்களுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைப் பேசவைத்தார். அது இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. குழுவில் ஒரே அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர் வேண்டாம்.

ஒரு பெண் சாகப்போவதாகச் சொன்னார். மேற்பார்வை அடுத்த கிழமைதான். அதுவரை காத்திருக்கலாமா? முடிவு யாருடையது? (சம்மாந்துறை)

காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே உங்கள் வேலைத்தல ஒழுங்குப்படி மேலதிகாரிக்கு அறிவித்து, ஆஸ்பத்திரி உளநலப் பிரிவோடு பேசுங்கள். இரவானால் 1926 என்ற உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 24 மணித்தியாலமும் இருக்கிறது. அவரைத் தனியே விடாமல் வீட்டில் நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் வயல் வீடுகள் அதிகம். வீட்டில் நெல்லுக்கு அடிக்கிற மருந்து இருக்கிறதா, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நேராகவே கேட்டு, அதை வேறு இடத்துக்கு மாற்றச் செய்யுங்கள். பொலிஸ் வரும் என்று குடும்பம் மறைக்கப் பார்க்கலாம். தற்கொலை முயற்சி 1998இலிருந்து இந்த நாட்டில் குற்றமில்லை என்று சொல்லுங்கள்.

வெளி மேற்பார்வையாளர் யோசனை சொல்லலாம். நடவடிக்கைக்குப் பொறுப்பு நீங்களும் உங்கள் நிறுவனமும். அவசரத்தில் அவரைப் போனில் பிடிக்கலாமா என்பதையும், நீங்களும் அவரும் நிறுவனமும் யார் யாருக்கு என்ன சொல்வது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி மூவரும் கையெழுத்து வையுங்கள்.

மிஸ், என் அண்ணன் காணாமல் போனவர். இப்போது என்னிடம் வருகிற அம்மாவும் மகனைத் தேடுகிறார். மேற்பார்வையில் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு வாயே வருவதில்லை. சிலவேளை அழுதுவிடுகிறேன். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? (செங்கலடி)

மகள், அழுததைப் பற்றி யோசிக்க வேண்டாம். வாய் வராததைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

அந்த அம்மா உங்கள் முன்னால் இருக்கும்போதும் அப்படித்தானா? மகனின் பெயர் வருகிற இடத்தில் பேச்சு நின்றுபோகிறதா? அமெரிக்க மனநல மருத்துவர் ஹரோல்ட் சேர்ல்ஸ் 1955இல் இதைப் பற்றி எழுதினார்: உளவளத்துணை அறையில் நடப்பது சிலநேரம் மேற்பார்வை அறையிலும் அப்படியே நடக்கிறது, யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அப்படியென்றால் நீங்கள் பேச முடியாமல் இருந்தது அந்த அம்மாவைப் பற்றி உங்கள் மேற்பார்வையாளருக்குக் கிடைத்த தகவல். நல்லவர் என்றால் அந்த இடத்தில் கேள்வி கேட்டு அவசரப்படுத்த மாட்டார்.

ஆனால் அதில் ஒரு பங்கு உங்கள் அண்ணனுடையது. "காணாமல் போனவர்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வருவாரா இல்லையா என்று தெரியாத துக்கத்துக்கு எட்டுச் செலவும் இல்லை, அந்திரட்டியும் இல்லை, முடிவும் இல்லை. அந்த அம்மாவிடம் "நம்பிக்கையை விடாதீர்கள்" என்று சொல்லும்போது அதை யாருக்குச் சொல்கிறீர்கள் என்று மேற்பார்வையில் பாருங்கள். அதுவரைக்கும் மேற்பார்வையின் வேலை. அண்ணனுக்காக அழுவதற்கு உங்களுக்கென்று ஒரு உளவளத்துணையாளர் வேண்டும். அது மேற்பார்வையாளராக இருக்கக்கூடாது. கொஞ்சக் காலத்துக்கு இப்படியான கேஸ்களை வேறொருவருக்குக் கொடுப்பதென்றாலும் அதில் குறைவொன்றுமில்லை. லாயக்கைப் பற்றிக் கேட்டீர்கள். இதை எழுதி அனுப்பியவரை நான் வேலைக்கு எடுப்பேன்.

தமிழ்நாட்டில் ஒருவர் இணையவழியாக மேற்பார்வை தரச் சம்மதிக்கிறார். சரிவருமா? (கல்முனை)

வரும். ஊர்க்காரருக்கு ஆள் பிடிபடுகிற தொல்லையும் இல்லை. ஆனால் இங்குள்ள குடும்ப ஒழுங்கை அவருக்கு விளக்க வேண்டியிருக்கும். நம் கரையில் தமிழரென்றாலும் முஸ்லிமென்றாலும் வீடு பெண்பிள்ளைக்கு, கலியாணம் கட்டியவர் அங்கேதான் போய் இருப்பார். இது தெரியாதவர் "மனைவியின் வீட்டிலேயே போய் இருக்கிறாராமே" என்று அதையே பிரச்சினையாகப் பிடித்துக்கொள்ளக்கூடும். கலியாணம் கட்டாத தங்கைக்கு வீடு கட்டி முடியாத அண்ணனின் நெருக்கடியோ அவர் கண்ணில் படாமல் போகலாம்.

மேற்பார்வைக்குப் பதிவு வைக்க வேண்டுமா? (களுவாஞ்சிக்குடி)

திகதி, எவ்வளவு நேரம், தனியாகவா குழுவாகவா, இவ்வளவும் போதும். வருட முடிவில் மணித்தியாலத்தைக் கூட்டி அவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், பிறகு விண்ணப்பங்களுக்கு உதவும். பேசிய விஷயத்தை அந்தக் கொப்பியில் எழுதாதீர்கள்.