ஈரல் மாற்று அறுவைக்குப் பிறகு வீட்டுக்கு யாரையும் வரவிடாமல் இருந்தால் குழந்தைக்குத் தொற்று வராதா?

பத்து மாதக் குழந்தைக்கு இரண்டு மாதத்தில் அறுவை, அம்மாதான் ஈரல் கொடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்களைத் தள்ளி வைப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. என் மகனுக்கு வந்த முதல் பெரிய தொற்று எந்த விருந்தாளியும் கொண்டுவந்ததல்ல. என் ஈரலோடு போனது.

பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த பிள்ளை அவன். பித்தம் வடிய ஈரலைக் குடலோடு இணைக்கும் கசாய் அறுவை செய்தும் மஞ்சள் காமாலை இறங்காததால் எட்டாவது மாதத்தில் என் ஈரலில் ஒரு துண்டை எடுத்து வைத்தார்கள். சைட்டோமெகலோ வைரஸ் (சிஎம்வி) நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலானோர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கிறது. எனக்குள்ளும் கிடந்தது. அவன் உடம்புக்கோ அது புதிது. போதாததற்கு, புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து அவன் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருந்தது.

அறுவைக்கு முன் அவன் ரத்தத்திலும் சிஎம்வி எதிரணு (ஆன்டிபாடி) இருந்ததைப் பார்த்து, 'அப்போ பயமில்லை' என்று நினைத்தேன். அது கருவிலேயே என்னிடமிருந்து அவனுக்குப் போன எதிரணுவாக இருக்கலாம், ஒன்றரை வயது வரை அந்த ரிசல்ட்டை அப்படியே நம்ப முடியாது என்றார் டாக்டர். மூன்று மாதம் சிஎம்வி தடுப்புக்காக வால்கான்சிக்ளோவிர் சிரப் கொடுத்தோம். நிறுத்திய ஐந்தாவது வாரம் காய்ச்சல், பேதி, வெள்ளணுக் குறைவு. ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் சிஎம்வி ஏறியிருந்தது. கான்சிக்ளோவிர் ஊசி போட்டு, வாரா வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்து, மெல்ல இறங்கியது. தடுப்பு மருந்தை நிறுத்திய பிறகான அந்த இரண்டு மூன்று மாதத்தை அசட்டையாக விட்டுவிடாதீர்கள்.

எனக்கு இன்றும் அதிகம் பயம் இபிவி என்ற வைரஸ் மேல்தான். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் முன்பே வந்துபோயிருக்கும். பிஞ்சுகளுக்கு மாற்று உறுப்போடு முதன்முறையாக வரும்போது ரத்த வெள்ளணுக்களைத் தூண்டி நிணநீர்க் கட்டியாக வளர்த்துவிடலாம். விடாத காய்ச்சல், கழுத்தில் நெறி, வீங்கிய டான்சில் தெரிந்தால் உடனே காட்டுங்கள். இபிவி அளவு ஏறினால் டாக்ரோலிமஸைக் குறைப்பதே பெரும்பாலும் முதல் வைத்தியம். அதை டாக்டர்தான் குறைக்க வேண்டும். நாமாகக் குறைத்தால் உடம்பு ஈரலைத் தள்ளிவிடலாம்.

செப்ட்ரான் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கச் சொல்வார்கள். நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியாவைத் தடுக்க அது. வேளை தவற வேண்டாம்.

தடுப்பூசி பற்றி நாளைக்கே கேளுங்கள். தட்டம்மை, சின்னம்மை ஊசிகளில் உயிருள்ள கிருமி இருப்பதால் அறுவைக்குப் பின் பொதுவாகப் போட மாட்டார்கள். முன்னால் போடுவதென்றால் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேண்டும், உங்களுக்கு இருப்பதோ இரண்டே மாதம். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் போலியோ சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி போடலாமா என்றும் கேளுங்கள். சொட்டு மருந்துக் கிருமி மலத்தில் வெளியேறிக் கைக்குழந்தையிடம் ஒட்டலாம்.

தெருமுனை கிளினிக்கில் காய்ச்சலுக்கு எதை எழுதிக் கொடுத்தாலும் மாற்று அறுவை செய்த டாக்டரிடம் கேட்காமல் தராதீர்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். பேதியானாலும் அளவு ஏறும். 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி என்றாலும் நான் போன் செய்துவிடுவேன், இந்த ஆறு வருடத்தில் ஒருமுறைகூட விடியட்டும் என்று காத்திருந்ததில்லை.