ரா படத்தை ஜேபெக் ஆக்க: கேளுங்கள், சொல்கிறேன்

இன்று மாலை வேலை இல்லை. சிங்கப்பூரில் கல்யாணம், கோயில் விழா என்று பல வருடமாகப் படம் எடுப்பவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்பவர்களை அவர்கள் இருக்கும் பகுதியின் பெயரால் குறிக்கிறேன்.

பிடோக்: தம்பி, மகளின் நிச்சயதார்த்தப் படங்கள் சிஆர்3 கோப்பாக வந்திருக்கின்றன. திறக்கவில்லை. பெயரின் கடைசியில் ஜேபிஜி, அதாவது ஜேபெக் என்று மாற்றியும் பலனில்லை.

பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது, அக்கா. சிஆர்3 என்பது கேனான் கேமராவின் ரா கோப்பு. ரா இன்னும் படமே ஆகவில்லை. கேமராவுக்குள் வெளிச்சத்தை உணரும் சென்சாரில் விழுந்த வெளிச்சத்தின் அளவுதான் அதில் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் அளக்கும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். அப்புறம் எது வெள்ளை, எவ்வளவு வெளிச்சம் என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். இணையத்தளத்தில் ஏற்றினால் அந்த முடிவையெல்லாம் உங்களைக் கேட்காமல் தளமே எடுத்துவிடும். படமெடுத்தவரிடமே ஜேபெக் கேட்டு வாங்குங்கள், அவருக்கு அது சின்ன வேலை. சிஆர்3 கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

செங்காங்: அண்ணே, சோனி படத்தை ஒரு தளத்தில் மாற்றினேன். சின்னதாக வந்தது.

அளவு 1616×1080 என்று இருக்கிறதா பாருங்கள். பல சோனி கேமராக்கள் ரா கோப்புக்குள்ளேயே அந்த அளவில் ஒரு முன்னோட்ட ஜேபெக் வைத்திருக்கும். தளம் அதை உருவிக் கொடுத்திருக்கிறது, மாற்றவே இல்லை. டார்க்டேபிள், ராதெரபி என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். கணினியில் நிறுவி முழு அளவில் எடுங்கள்.

ஜூரோங்: இலவசத் தளங்கள் பாதுகாப்பானவையா?

2025 மார்ச்சில் அமெரிக்க எஃப்பிஐயின் டென்வர் அலுவலகமே இலவச மாற்றித் தளங்களைப் பற்றி எச்சரித்தது. சிலவற்றின் வழியாகக் கணினிக்குள் தீய நிரல் நுழைகிறது. படத்துக்குப் பதிலாக ஏதாவது நிரலை இறக்கச் சொன்னால் உடனே மூடிவிடுங்கள். பூ, கட்டடம் என்றால் ஏற்றலாம். குழந்தைகள் படம், வாடிக்கையாளர் படம் கூடவே கூடாது.

உட்லண்ட்ஸ்: எந்தத் தளம் நல்லது?

தளத்தைவிட, மேலே செங்காங்குக்குச் சொன்ன இரண்டு மென்பொருள்களே நல்லது.

தோ பாயோ: ஜேபெக்கிலேயே எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லையே சார். ரா வீண் வேலை.

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் தீமிதியை நினைத்துப் பாருங்கள். இரவு, பக்தர் குழிக்குள் கால் வைக்கிறார். அவர் முகம் இருட்டில், கங்கு கொதிக்கிறது. என் ஜேபெக்கில் கங்கு வெறும் மஞ்சள் திட்டு. அதே நொடியின் ராவில் வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் இறக்கினேன் (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்). கங்கின் மேல் சாம்பல் பூத்திருந்ததும் அதன் இடுக்கில் சிவப்பு தெரிந்ததும் வந்துவிட்டன. அப்புறம் முகத்தில் மட்டும் வெளிச்சத்தைத் தனியாகக் கூட்டினேன், மஞ்சள் பூசிய நெற்றி தெரிந்தது. 14 பிட் ராவில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள், ஜேபெக்கில் 256 தான். தூக்கிப் போட்டதைத் திரும்பக் கேட்டால் எங்கிருந்து வரும்?

தோ பாயோ: பகல் வெளிச்சத்தில் கால்பந்து எடுக்கிறேன். ஆயிரம் படம், அன்றிரவே அனுப்ப வேண்டும்.

சரி, அதற்கு ஜேபெக் தான் சரி. கேமராவும் உள்ளே ராவைத்தான் மாற்றித் தருகிறது, அந்த நிறுவனத்தின் நிறத்தோடு. ஆனால் கோயிலுக்குள் போனால் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்யும் ரா பிளஸ் ஜேபெக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கோல்: நான் மாற்றினால் கேமரா திரையில் பார்த்ததைவிட மங்கலாக வருகிறதே?

இப்போது சொன்னதுதான் காரணம். திரையில் நீங்கள் பார்த்தது கேமரா செய்த ஜேபெக். நிக்கான் என்றால் அந்த நிறுவனத்தின் என்எக்ஸ் ஸ்டூடியோ மென்பொருள் இலவசம், அந்த நிறம் அப்படியே வரும். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற முறையில், தரம் 90க்குப் பக்கத்தில் வைத்துச் சேமியுங்கள்.

ஈசூன்: ஐபோன் எச்இஐசி...

அது ரா இல்லை, ஐபோன் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் வடிவம். ஜேபெக்காக மாற்ற, போன் அமைப்பில் கேமரா, ஃபார்மட்ஸ் போய்ப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ்: மாற்றி முடித்ததும் ராவை அழிக்கலாமா? இடம் போதவில்லை.

அழிக்காதீர்கள் என்று முதல் பதிலிலேயே சொன்னேன். மங்கிய படங்களை அழியுங்கள், ஒரே காட்சியில் பத்து இருந்தால் எட்டை அழியுங்கள். தேறியவற்றின் ராவை ஒரு தனி வட்டில் போட்டு, இன்னொரு நகலை வேறு வீட்டில் வையுங்கள். என்னுடையது அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது.