கொரிய மொழியும் தமிழும் ஒரே வேரா?

அப்பா, அம்மா, நான், நீ ஆகியவை கொரிய மொழியிலும் ஏறத்தாழ அப்படியே இருப்பதை மட்டும் வைத்து, இரண்டும் ஒரே தாய்மொழியிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாது. இந்த நான்கில் முதல் இரண்டை உடனே நீக்கிவிடுங்கள். குழந்தை வாயில் முதலில் வருவது ம, ப, த போன்ற ஒலிகள். பெற்றோர் அவற்றைத் தங்களுக்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா!

சோதிக்க விரும்பினால்:

1. எண்களையும் உடலுறுப்புப் பெயர்களையும் எடுத்துத் தமிழோடு ஒப்பிடுங்கள். கொரிய மொழியில் ஒன்று 'ஹனா', இரண்டு 'துல்', கண் 'நுன்', கை 'சொன்'.

2. ஒத்த ஒலியைத் தேடாதீர்கள், ஒழுங்கான மாற்றத்தைத் தேடுங்கள். பால்–ஹாலு, புலி–ஹுலி, பத்து–ஹத்து, பல்–ஹல்லு: தமிழின் முதலெழுத்துப் பகரம் கன்னடத்தில் வரிசையாக ஹகரமாகிறது. உறவுக்குச் சான்று இதுதான். கொரிய மொழியோடு இப்படியொரு வரிசை கிடைத்தால் அவசியம் இங்கே எழுதுங்கள். கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905இலேயே கொரிய மொழியையும் தமிழ் உள்ளிட்ட திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதியும், மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை.

வினைச்சொல் கடைசியில் வருவதைச் சான்றாகக் காட்ட வேண்டாம். துருக்கியிலும் ஜப்பானிய மொழியிலும் அப்படித்தான்.

ஒன்று மட்டும்: சான்று இல்லை என்பதால் உறவே இல்லை என்றும் ஆகிவிடாது. மிகத் தொலைவான காலத்து உறவை இந்த முறையால் காட்டவும் முடியாது, மறுக்கவும் முடியாது.