நுண்துளை பேரிங்கும் எண்ணெய்ப் படலமும்: சில கேள்விகள்

வெண்கல நுண்துளை புஷ் (துளைகளில் எண்ணெய் ஊறிய, உள்ளே ஷாஃப்ட் சுழலும் குழல் வடிவப் பேரிங்) ஒன்றைக் கணக்கிடுகிறேன். எண்ணெய்ப் படலத்தின் அழுத்தத்தைத் தரும் வழக்கமான ரெனால்ட்ஸ் சமன்பாடே போதாதா?

சில நேரம் போதும். போதுமா என்று பார்க்க ஒரு நிமிடக் கணக்கு இருக்கிறது.

1886-ல் ரெனால்ட்ஸ் எழுதிய சமன்பாட்டில், பேரிங் சுவர் எண்ணெயைக் குடிக்காது என்பது சொல்லாமலே எடுத்துக்கொண்ட ஒன்று. நுண்துளைச் சுவர் குடிக்கும். அழுத்தம் அதிகமான இடத்தில் எண்ணெய் சுவருக்குள் இறங்கி, உள்ளேயே நகர்ந்து, அழுத்தம் குறைந்த இடத்தில் திரும்ப வெளியே வரும். அதாவது ஷாஃப்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய அழுத்தம் பின்வாசல் வழியாகக் கசிகிறது. சுவருக்குள் நடக்கும் ஓட்டத்துக்கு டார்சி விதி பொருந்தும்: ஓட்டம் அழுத்தச் சரிவுக்கும், சுவர் திரவத்தை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதைச் சொல்லும் ஊடுருவுதிறனுக்கும் நேர் விகிதம். சுவர் மெல்லியதாகவும், அதன் வெளிப்பக்கம் அடைபட்டும் இருந்தால், இரண்டையும் இணைத்து வரும் விடை எளிது: அழுத்தச் சரிவோடு வரும் உறுப்பில், படலத் தடிமனின் மும்மடியோடு 12 × ஊடுருவுதிறன் × சுவர்த் தடிமன் என்பதைக் கூட்ட வேண்டும். மார்கனும் கேமரனும் 1957-ல் போட்டுக்கொடுத்த பாதை இது.

எண்களை வைத்துப் பாருங்கள். ஊடுருவுதிறன் 0.01 சதுர மைக்ரான், சுவர் 2 மி.மீ. (2000 மைக்ரான்) என்றால் கூட்ட வேண்டியது 240 கன மைக்ரான். படலம் 20 மைக்ரான் என்றால் அதன் மும்மடி 8000. அதன் முன் 240 வெறும் 3 சதவீதம், விட்டுவிடலாம். 10 மைக்ரானில் 1000-க்கு 240, விட முடியாது. 5 மைக்ரானில் மும்மடி 125 தான், கசிவு அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! புஷ் அதேதான், எண்ணெயும் அதேதான். படலம் மெலிந்ததும் கதையே மாறிவிடுகிறது. கிளியரன்ஸை (ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே விட்ட இடைவெளியை) வைத்து மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். சுமையின் கீழ் படலம் எங்கே மிக மெல்லியதோ அந்த இடத்துக்கும் போடுங்கள்.

கசிவைச் சேர்த்தும் என் மாடல் காட்டும் சுமைத்திறன் சோதனையில் வருவதில்லை. எங்கே தவறு?

முதலில் ஊடுருவுதிறன் எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். உலோகத்தில் துளைகளின் பங்கு 20 சதவீதம் என்பதை வைத்து ஊகித்திருந்தால் தவறு அங்கேயே இருக்கலாம். துளைகளின் பங்கு ஒன்றாகவே உள்ள இரண்டு புஷ்களில், துளைகளின் அளவும் இணைப்பும் வேறானால் ஊடுருவுதிறன் பத்து மடங்குகூட மாறும். சுவர் வழியே காற்றையோ எண்ணெயையோ செலுத்தி அளப்பதுதான் வழி. அப்போதும் ஒரு சிக்கல்: உள்விட்டத்தைக் கடைந்திருந்தால் மேல்தோலில் உலோகம் இழுபட்டுத் துளைகள் அடைபட்டிருக்கும். அப்படி அடைபட்டால் கசிவு குறைந்து சுமைத்திறன் கூடும், ஆனால் எண்ணெய் வெளியே வருவதும் குறையும்.

அடுத்து வெப்பம். குளிர்ந்த எண்ணெயின் பாகுநிலையைப் போட்டுவிட்டு ஓடிச் சூடான பேரிங்கோடு ஒப்பிட்டால் மாடல் எப்போதும் நிஜத்தைவிட நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். நானும் இதைச் செய்து இரண்டு நாள் குழம்பியிருக்கிறேன். அப்புறம், குறைந்தபட்சப் படலம் பரப்பின் சொரசொரப்பு அளவுக்கே இறங்கிவிட்டால் உலோகமும் உலோகமும் சுமையில் பங்கு போடுகின்றன. முழுப்படல மாடல் அங்கே பேசக்கூடாது.

சுவர் ஓரத்தில் எண்ணெய் வழுக்குவதை, அதாவது பீவர்ஸ்–ஜோசப் நிபந்தனையைச் சேர்க்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வழுக்கு நீளம் என்பது ஊடுருவுதிறனின் வர்க்கமூலத்தை ஒரு மாறிலியால் வகுத்தது. மேலே சொன்ன புஷ்ஷுக்கு வர்க்கமூலம் 0.1 மைக்ரான். மாறிலி 0.1 என்றால் வழுக்கு நீளம் 1 மைக்ரான். 20 மைக்ரான் படலத்தில் அது சிறிது, 5 மைக்ரானில் பெரிது. என் தயக்கம் வேறு: 1967-ல் பீவர்ஸும் ஜோசப்பும் செய்த சோதனைகளிலேயே அந்த மாறிலி 0.1 முதல் 4 வரை மாறியது. உங்கள் பரப்புக்கு அதை அளக்காமல் சேர்த்தால், விடையை இஷ்டப்படி வளைக்க ஒரு திருகு கிடைக்கும், அவ்வளவுதான்.

எதிர்மறை அழுத்தம் வந்தால் பூச்சியமாக்கிவிடுகிறேன். சரிதானே?

சுமையைத் தோராயமாக அறிய மட்டும் என்றால் சரி. ஆனால் பூச்சியமாக்கிய இடத்தில் எண்ணெய்க் கணக்கு உதைக்கும்: கணக்கில் இல்லாத எண்ணெய் எங்கிருந்தோ முளைக்கும். வெளியிலிருந்து எண்ணெய் ஊட்டும் பேரிங்கில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தன் துளைகளில் உள்ளதை வைத்தே ஆயுள் ஓட்டும் புஷ்ஷில் கூடாது. படலம் அறுபடும் இடத்திலும் மீண்டும் சேரும் இடத்திலும் நிறையைக் காக்கும் நிபந்தனையை வையுங்கள்.

முழு முப்பரிமாண சிஎஃப்டி (ஓட்டத்தைச் சிறு வலைக்கண்களாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடுவது) போடலாமா?

10 மி.மீ. ஷாஃப்டின் சுற்றளவு 31 மி.மீ., படலம் 10 மைக்ரான். விகிதம் 3000-க்கு 1. வலைக்கண்களை எண்ணிப் பாருங்கள், ஆசை போய்விடும். படலத்துக்கு ரெனால்ட்ஸ், சுவர் தடிமனாக இருந்தால் அதற்குள் அழுத்தத்துக்கு லாப்லாஸ் சமன்பாடு, இடைமுகத்தில் அழுத்தமும் ஓட்டமும் பொருந்த வேண்டும். இது போதும்.

கிராஃபைட் காற்று பேரிங்குக்கும் இதே சூத்திரமா?

இல்லை. அங்கே காற்று வெளிப்பக்கத்திலிருந்து சுவர் வழியாகவே வருகிறது; சுவர் கசிவுப் பாதையல்ல, ஊட்டும் பாதை. வெளிப்பக்கம் அடைபட்டது என்று வைத்துப் பெற்ற, 12-ஆல் தொடங்கும் அந்தக் கூடுதல் உறுப்பு பொருந்தாது. காற்று அமுங்கும் என்பதால் வெப்பநிலை மாறாத நிலையில் அழுத்தத்துக்குப் பதில் அதன் வர்க்கத்தை மாறியாக வைத்துத் தொடங்குங்கள், கணக்கு சுலபமாகும்.